கோணல் கட்டை

அத்தியாயம் மூன்று

பட்டறைக் கதவைத் திறந்ததும் எண்ணெயும் மரத்தூளும் கலந்த வாசனைதான் முதலில் வெளியே வந்தது. அதற்குப் பின்னால் பெரியவரின் மனைவி வந்தாள்.

"உள்ள வாங்க இன்ஸ்பெக்டரம்மா. எதையும் நகர்த்தலை. அவர் வச்சது வச்சபடி இருக்கு."

இன்ஸ்பெக்டரம்மா காவல்துறையை விட்டு விலகி வருடங்கள் ஆகிவிட்டன. அவளுடைய ராஜினாமாவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது, ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்து வாசலில் பலகை மாட்டிய பிறகும் அவள் இன்ஸ்பெக்டரம்மாதான். கூட வந்த உதவியாளனுக்கும் அதே கதி. தடித்த கண்ணாடி போட்ட வயதில் பள்ளிக்கூடத்தில் யாரோ சோடா என்று கூப்பிட்டார்கள். இப்போது அவனுடைய மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

பெரியவரும் சின்னவரும் அண்ணன் தம்பி. கையாலேயே துப்பாக்கி செய்கிறவர்கள். தோட்டா போடுகிற ரகம் அல்ல; குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் கிட்டித்துச் சுடுகிற பழைய முறைத் துப்பாக்கி. இலக்குச் சுடும் போட்டிக்காரர்கள் சொல்லிவைத்துக் காத்திருந்து வாங்கிப்போவார்கள். இரும்பு முழுக்கச் சின்னவர் கை. மரம் முழுக்கப் பெரியவர் கை. போன வாரம் வெள்ளிக்கிழமை பெரியவரின் உடல் பட்டறைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில், மதகுக் கம்பியில் ஒதுங்கிக் கிடந்தது.

தற்கொலை என்று காவல் நிலையத்தில் எழுதி மூடிவிட்டார்கள். அதற்கான காரணம் மேசையின் மேல், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் தோல் சுற்றிய பிடிசிராவியில் இன்னும் மாட்டியபடி இருந்தது.

"இதைத்தான் எல்லாரும் காட்டுறாங்க" என்றாள் பெரியவரின் மனைவி.

துப்பாக்கிக் கட்டை. கரும்பழுப்பு மரம். குழல் பதித்தாகிவிட்டது, விசையும் பொருத்தியாகிவிட்டது, மெருகு மட்டும் பாக்கி. ஆனால் தோளில் பதியும் அடிப்பாகத்திலிருந்து முன்னால் வரும் மரம் நேராக வரவில்லை. நடுவில் இடது பக்கமாகச் சாய்ந்து நெளிந்து, அதற்குப் பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல் நேராகி, குழலை ஏந்தியிருந்தது. வெயிலில் மறந்து வைத்த மெழுகுவர்த்தி மாதிரி.

"தெருமுனையில ஒளிஞ்சிருக்கிறவனைச் சுடறதுக்குச் செஞ்சிருப்பாரோ மேடம்" என்றான் சோடா.

இன்ஸ்பெக்டரம்மா அவனைப் பார்த்த பார்வையில் அவன் சுவரில் தொங்கிய அரங்களை எண்ண ஆரம்பித்தான்.

"தம்பி என்ன சொல்றார்?"

"அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, கட்டையைக் கெடுத்துட்டார், அந்த வேதனையில போயிட்டார்னு சொல்றான். நான் கல்யாணமாகி வந்தப்போ அவன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தான். எனக்குக் குழந்தை இல்லை. அவன்தான் குழந்தை. அவன் பொய் சொல்ல மாட்டான்."

"அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?"

அவள் இடுப்பிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்தாள். பிரிக்காத உப்புத்தாள்.

"அன்னிக்குக் காலையில, கடைப்பக்கம் போனா உப்புத்தாள் வாங்கிட்டு வா, இருக்கிறதுலயே நைஸா பாத்து வாங்குன்னு சொன்னார். வாங்கிட்டு வந்தேன். குடுக்க ஆள் இல்லை." கொஞ்ச நேரம் சுருளையே பார்த்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவரா என்னை விட்டுட்டுப் போனாரா, இல்ல யாராவது அனுப்பி வச்சாங்களா. அவரா போனார்னா, கூடவே இருந்துட்டு இது கூடத் தெரியலையேன்னு நான் மீதி நாளெல்லாம் கிடந்து சாகணும்."

இன்ஸ்பெக்டரம்மா பிடிசிராவியைத் தளர்த்திக் கட்டையை வெளியே எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விசைக்குக் கீழே, கைப்பிடியை ஒட்டி ஓடிய இரும்புப் பட்டையைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு வளைவுக்கு வந்தாள். கன்னம் பதிகிற இடத்தில் மரத்தை ஆழமாகக் குடைந்திருந்தது.

"சோடா, இங்க தொட்டுப் பார்."

"குழந்தை கன்னம் மாதிரி இருக்கு மேடம்."

"மத்த இடமெல்லாம்?"

"சொரசொரன்னு அரத்தோட பல்லு தெரியுது."

"கை தவறிக் கெட்டுப்போன இடத்தை மட்டும் யாராவது உட்கார்ந்து இழைச்சு இழைச்சு வழவழன்னு ஆக்குவாங்களா?"

சோடா ஒரு நிமிடம் சும்மா இருந்தான். அது அவனுக்கு அதிகம்.

"தோள்ல வச்சுக் குறி பார்."

வைத்தான். அடிப்பாகம் வலது தோளில் பதிந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தான். "ஒண்ணும் தெரியலை மேடம். வெறும் மரம்தான் தெரியுது. என் மூக்கு வேற குறுக்க வருது. இதுல சுட்டா நமக்குப் பின்னாடி நிக்கிறவருக்குத்தான் ஆபத்து."

"அந்தக் கண்ணை மூடு. இந்தக் கண்ணைத் திற."

அவன் மாற்றினான். பேச வாயெடுத்தவன் அப்படியே நின்றான்.

"என்ன?"

"நேரா இருக்கு மேடம். குழல் கண்ணுக்கு முன்னாடி நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

"வலது தோள்ல வச்சு, இடது கண்ணால பார்க்கிற ஆளுக்குச் செஞ்சது. வலது கண் இல்லாத ஆளுக்கு." இன்ஸ்பெக்டரம்மா பெரியவரின் மனைவி பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரருக்குக் கண் எப்படி?"

"ரெண்டும் நல்லாத் தெரியும். கண்ணாடி கூடப் போட்டதில்லை."

"உயரம்?"

"இந்த வாசப்படியில குனிஞ்சுதான் வருவார்."

"அப்போ அவருக்கு இல்லை" என்றான் சோடா. "எனக்கே இது நீளம் பத்தாம கை கொஞ்சம் மடங்குது. என்னைவிடக் கட்டையான ஆள். உலகத்துல அப்படியும் ஒருத்தர் இருக்கார்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அப்போதுதான் சின்னவர் உள்ளே வந்தார். தாடி வளர்ந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன. பேசும்போது கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், அழுக்கே இல்லாத கைகளை.

"அன்னிக்கு மத்தியானம் நான் இரும்புக் கடைக்குப் போயிருந்தேங்க. திரும்பி வந்தப்போ மதகுகிட்ட கூட்டம்."

"இந்தக் கட்டையை எப்போ முதல்ல பார்த்தீங்க?"

"அண்ணன் போனப்புறம்தான். முடிக்கிற வரைக்கும் யாருக்கும் காட்ட மாட்டார்."

"யாருக்குச் செஞ்சார்?"

"யாரோ புது ஆள். என்கிட்ட சொல்லலை."

இன்ஸ்பெக்டரம்மா பின்பக்கம் பார்த்தாள். கால்வாய்க்கு இறங்கும் கதவில் குறுக்காகப் புதுப் பலகை அறைந்திருந்தது.

"அது யார் அடிச்சது?"

"நான்தான். அண்ணி அந்தப் பக்கம் போயிடக் கூடாதுன்னு."

பெரியவரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் துக்கத்தில் துளிக்கூட நடிப்பு இல்லை. அதுதான் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு உறுத்தியது.

*

துப்பாக்கி சுடும் கிளப்பில் மண்மேட்டுக்கு முன்னால் புகை மண்டிக் கிடந்தது. கிளப் செயலாளர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"வலது கண் தெரியாத உறுப்பினர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டரம்மா.

"என்ன?"

சோடா குனிந்து, "வலது கண்ணு" என்று கத்தினான்.

"எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும் தம்பி. காதுதான் கொஞ்சம் மந்தம்."

"மேடம், கேள்வியைத் தபால்ல போட்டுட்டு நாளைக்கு வந்து பதில் வாங்கிக்கலாமா?"

செயலாளர் பஞ்சை எடுத்தார். கேள்வி புரிந்ததும் அவர் முகம் மாறியது.

"ஒருத்தங்க இருந்தாங்க. டிரைவரம்மா. டவுன் பஸ் ஓட்டிட்டிருந்தாங்க. இங்க அவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஒரு போட்டியில சுடறப்போ துப்பாக்கி பின்பக்கமா வெடிச்சிடுச்சு. சுத்தியலுக்குக் கீழ, பொறி கிளப்புற கேப் மாட்டுற குமிழ் இருக்கும் பாருங்க, விரல் நுனி அளவு இரும்பு, அது பிடுங்கிக்கிட்டு வந்து வலது கண்ணுல பட்டுடுச்சு."

"துப்பாக்கி யார் செஞ்சது?"

"அண்ணன் தம்பி பட்டறையிலதான். ஆனா துப்பாக்கி மேல தப்பு இல்லைங்க. மருந்து அதிகமாப் போட்டுட்டாங்க. சின்னவரே வந்து பார்த்துட்டுச் சொன்னார். சொல்லிட்டுத் துப்பாக்கியையும் எடுத்துட்டுப் போயிட்டார்."

"செஞ்சவரே சோதிச்சாரா?"

"வேற யாருக்குத் தெரியும் அதைப் பத்தி?"

"பரீட்சை எழுதினவரே பேப்பர் திருத்தினா எல்லாருமே பாஸ்தான்" என்றான் சோடா.

செயலாளர் அதைக் காதில் வாங்கவில்லை. மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இடது தோளுக்கு மாத்திச் சுட்டுப் பார்த்தாங்க பாவம். இத்தனை வருஷம் வலது பக்கம் பழகின உடம்பு கேட்கலை. ஒருநாள் இதோ இங்கதான் உட்கார்ந்து அழுதாங்க. அப்புறம் வரவே இல்லை."

*

பஸ் டிப்போவில், பயணிகள் விட்டுப்போன பொருள்களை வைக்கும் அறை படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஜோடி தொலைத்த செருப்புகள், மூலையில் ஓர் ஊன்றுகோல்.

"இதை விட்டுட்டு எப்படி இறங்கி நடந்து போனார்?" என்றான் சோடா.

"நானும் தினம் அதைத்தான் யோசிக்கிறேன்" என்று குடைகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

டிரைவரம்மா எழுந்து வந்தாள். குள்ளமான, தோள் அகன்ற பெண். வலது கண் இருந்த இடத்தில் கண்ணாடி விழி. பேசுகிறவரை முகத்தை முழுசாகத் திருப்பித்தான் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. பெரியவரைப் பற்றிக் கேட்டாள்.

"வந்தார். இதே இடத்துல நின்னார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் டேப்பை எடுத்து என் கை நீளம், கழுத்து உயரமெல்லாம் அளந்தார். அந்தத் துடைப்பத்தைத் தோள்ல வச்சுக் குறி பார்க்கச் சொல்லி, எதிர்ல குனிஞ்சு நின்னு என் இடது கண்ணையே பார்த்துட்டிருந்தார். பார்த்துட்டு, உங்க உடம்பை மாத்த வேண்டாம்மா, நான் கட்டையை மாத்தித் தர்றேன்னார்."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறைக்கு வாங்க, முதல்ல உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அதைக் கேட்டப்புறம் எங்க பட்டறைச் சாமானை வாங்கிக்கிறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னார்."

"போனீங்களா?"

"போனேன். வாசல்ல சின்னவர்தான் நின்னார். அண்ணன் வெளிய போயிருக்கார், கட்டை கெட்டுப்போச்சு, இனிமே வராதீங்கன்னுட்டார். இடுப்பு வரைக்கும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தார். தண்ணிக் குழாய் உடைஞ்சிடுச்சுன்னார்."

சோடாவும் இன்ஸ்பெக்டரம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவர் அந்த மத்தியானம் இரும்புக் கடையில் இருந்ததாக அல்லவா சொல்லியிருந்தார்.

"பெரியவர் செத்துட்டார்னு அப்புறம்தான் கேள்விப்பட்டேன்" என்றாள் டிரைவரம்மா. "ஒரு கட்டை கோணிப்போன வேதனையில செத்தார்னு பேசிக்கிட்டாங்க. எனக்காகச் செஞ்ச கட்டை அது. கண்ணும் என்னாலதான் போச்சு, அந்த மனுஷனும் என்னாலதான் போனார்."

"கண் எப்படி உங்களால போச்சு?"

"மருந்து அதிகம் போட்டுட்டேனே. அளந்துதான் போட்டேன்னு முதல்ல சொல்லிட்டிருந்தேன். யாரும் நம்பலை. போகப் போக நானே நம்பலை. பஸ் நிறைய ஆளுங்களை ஏத்திட்டு ஓட்டினவளுக்கு ஒரு மூடி மருந்து அளக்கத் தெரியலையேன்னு எங்க வீட்டுக்காரரே ஒருநாள் சொன்னார். கோபத்துல சொல்லலை. வருத்தத்துலதான் சொன்னார். அது இன்னும் மோசம்."

இன்ஸ்பெக்டரம்மா கார் சாவியை எடுத்தாள். "எங்க கூட வர்றீங்களா? அந்தக் கட்டையை நீங்க ஒரு தடவை கையில எடுத்துப் பார்க்கணும்."

*

சின்னவர் மேசையருகே ஏதோ ஓர் இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் டிரைவரம்மாவைப் பார்த்ததும் அரம் நின்றது.

"யாரு இவங்க?" என்றாள் பெரியவரின் மனைவி.

"உங்க வீட்டுக்காரர் யாருக்காக இதைச் செஞ்சாரோ, அவங்க."

இன்ஸ்பெக்டரம்மா கட்டையை நீட்டினாள். டிரைவரம்மா உடனே வாங்கவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எடுத்து, ஒரு மூச்சு இழுத்து, தோளுக்கு உயர்த்தினாள்.

அடிப்பாகம் அவளுடைய வலது தோளின் குழியில் போய் அமர்ந்தது. கன்னம் அந்த வழவழப்பான பள்ளத்தில் இறங்கியது. இடது கையில் முன்மரம், வலது கையில் பிடி, விரல் தானாக விசைக்குப் பக்கத்தில். கண்ணாடி விழிக்கு முன்னால் வெறும் மரம். நல்ல கண்ணுக்கு முன்னால் குழல், நூல் பிடித்ததுபோல. அவள் பிடித்திருந்தபோது அதில் கோணலே இல்லை.

பெரியவரின் மனைவி பக்கத்தில் வந்தாள். அந்தப் பெண்ணின் கன்னம் மரத்தில் பதிந்திருந்த இடத்தைக் கிட்டே குனிந்து பார்த்தாள். ஒரு விரலை இடையில் நுழைக்கக்கூட இடம் இல்லை.

"அவர் கை நடுங்கலை" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. "நடுங்கவே இல்லை."

சின்னவர் தொண்டையைச் செருமினார். "எனக்கெப்படிங்க தெரியும்? பார்க்கக் கோணலா இருந்துது, கெட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டேன். மரத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும். நான் இரும்பு ஆளு."

"அதைக் கேட்கத்தான் வந்தேன்" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

கட்டையை டிரைவரம்மாவிடமிருந்து வாங்கிக் கவிழ்த்துப் பிடித்தாள். விசைக்குக் கீழே தொடங்கி, கைப்பிடியோடு ஒட்டி ஓடும் இரும்புப் பட்டை. மரம் எங்கே சாய்ந்ததோ அங்கே அதுவும் சாய்ந்து, எங்கே நெளிந்ததோ அங்கே அதுவும் நெளிந்து, மயிரிழை இடைவெளி இல்லாமல் பதிந்திருந்தது.

"இந்தப் பட்டையைக் காய்ச்சி, அடிச்சு, இந்த வளைவுக்குப் பொருத்தமா வளைச்சது யாரு? இந்தப் பட்டறையில இரும்பு யார் வேலை?"

சின்னவர் பட்டையையே பார்த்தார்.

"மரம் கை நடுங்கிக் கோணலாகும்னு வச்சுப்போம். இரும்பு கை நடுங்கி வளையாது. இது நெருப்புல காட்டி, தெரிஞ்சு வளைச்சது. அண்ணன் போனப்புறம்தான் இந்தக் கட்டையைப் பார்த்தேன்னு சொன்னீங்க."

"என்கிட்ட தண்ணிக் குழாய்னு சொன்னீங்க" என்றாள் டிரைவரம்மா மெல்ல. "வெள்ளிக்கிழமை."

சின்னவர் அரத்தைக் கீழே வைத்தார். சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்தார். அண்ணியைப் பார்த்துத்தான் பேசினார்.

"அண்ணன் ஒரு தடவை காய்ச்சல்ல படுத்தாரே அண்ணி, நினைவிருக்கா? அப்போதான் இவங்க துப்பாக்கி என் கையில இருந்துது. குமிழுக்குத் துளை போடறப்போ தமர் முனை விலகித் துளை பெரிசாயிடுச்சு. குழலையே மாத்தியிருக்கணும். அண்ணன் எழுந்து வந்தா என்ன சொல்வாரோன்னு பயம். ஈயத்தை ஊத்தி, மரை போட்டு, குமிழை மாட்டிட்டேன். வெளிய பார்த்தா தெரியாது. சுட்டும் பார்த்தேன், நின்னுது. நிக்கும்னுதான் நினைச்சேன்."

டிரைவரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்து?" என்றாள்.

"சரியாத்தான் போட்டிருந்தீங்க."

"அதிகமா இல்லையா?"

"இல்லைங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணலை."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு கண்களிலிருந்தும் நீர் வழிந்தது. பார்வை போன கண்ணுக்கு அழ மட்டும் தெரிந்திருந்தது. சோடா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான். அவள் அதில் உட்காரவில்லை. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

சின்னவர் தொடர்ந்தார். "அந்தப் பழைய குழலைத் தூக்கிப் போட மனசு வரலை. இரும்புக் குவியலுக்கு அடியில வச்சிருந்தேன். அண்ணன் எதையோ தேடப்போய் அதை எடுத்து, உள்ள இருந்த ஈயத்தைப் பார்த்துட்டார் போலிருக்கு. என்கிட்ட சொல்லலை. இப்படி வளைச்சுக் குடுன்னு மட்டும் பட்டைக்கு அளவு குடுத்தார். யாருக்குன்னு புரிஞ்சுது. பாவம்னு செய்யறார்னு நினைச்சேன். எனக்கும் மனசு கொஞ்சம் லேசாச்சு அண்ணி. என் வாழ்நாள்ல அவ்வளவு கவனமா ஒரு பட்டை வளைச்சதில்லை."

"அப்புறம்?" என்றாள் பெரியவரின் மனைவி. குரலில் ஒன்றுமே இல்லை.

"வெள்ளிக்கிழமை அவர் அந்தக் குழலை எடுத்து மேசை மேல வச்சார். அந்தம்மா இன்னிக்கு வர்றாங்க, நீயே சொல்லிடு, நான் பக்கத்துல நிக்கிறேன்னார். என்னால முடியாதுன்னேன். அப்போ நான் சொல்றேன்னார். குழலைப் பிடுங்கிட்டுப் பின்பக்கம் ஓடினேன், தண்ணியில போட்டுடலாம்னு. அண்ணனும் பின்னாடியே வந்து பிடிச்சுக்கிட்டார். படியெல்லாம் பாசி. ரெண்டு பேரும் இழுத்தோம். குழல் என் கைக்கு வந்துடுச்சு. அவர் விழுந்துட்டார்."

"தள்ளினியா?"

"இல்லை அண்ணி. சத்தியமா இல்லை."

இன்ஸ்பெக்டரம்மா கேட்டாள்: "அவருக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. எனக்கும் தெரியாது. மழைத்தண்ணி நிறையப் போயிட்டிருந்துது. ஆனா அவர் படிக்குப் பக்கத்துலதான் இருந்தார். சுவரைப் பிடிச்சார். வழுக்கிடுச்சு. மறுபடி பிடிச்சார்." சின்னவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "குழல் என் கையிலதான் இருந்துது. நீட்டியிருந்தா எட்டியிருக்கும். நீட்டலை. ஏன்னு தெரியலை. அந்தம்மா வந்துடுவாங்க, வந்துடுவாங்கன்னு அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடிச்சு. அப்புறம் அதைப் போட்டுட்டு இறங்கினேன். இடுப்பளவு தண்ணி வரைக்கும் போனேன். அதுக்குள்ள அவர் அங்க இல்லை."

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். போட்டுக்கொண்டான். மறுபடி கழற்றினான்.

பெரியவரின் மனைவி சின்னவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று சோடா நினைத்தான். அவள் கைகள் மடியிலேயே இருந்தன.

"அவர் கூப்பிட்டாரா?"

சின்னவர் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார்.

"சொல்லுடா. கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டார்."

"என்னன்னு?"

"தம்பின்னு."

"திட்டினாரா?"

"இல்லை அண்ணி. தம்பி, கை குடுன்னு. அவ்வளவுதான்."

வெளியே படியிலிருந்து டிரைவரம்மாவின் விசும்பல் கேட்டது. இங்கே உள்ளே யாரும் அழவில்லை. பெரியவரின் மனைவி தரையில் கிடந்த மரச்சுருள் ஒன்றை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"அப்போ அவர் என்னை விட்டுட்டுப் போகலை" என்றாள்.

"போகலைம்மா" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

இத்தனை நாள் அவள் கேட்கக் காத்திருந்த சொல் அது. கேட்டாகிவிட்டது. வீட்டில் ஒருவர் போய்விட்டார் என்று இன்ஸ்பெக்டரம்மாவின் கதவைத் தட்டியவள், இன்னொருவரையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ வழக்குகளை முடித்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஜெயித்த வழக்கு மாதிரி இல்லை இது.

"காவல் நிலையத்துக்குச் சொல்லணும்" என்றாள் கடைசியில்.

"நானே பேசறேங்க" என்றார் சின்னவர்.

சோடாவின் போனை வாங்கிப் பேசினார். பெயரைச் சொன்னார், பட்டறை எங்கே இருக்கிறது என்று வழி சொன்னார், வாங்க என்று சொன்னார். விருந்தாளிக்குச் சொல்வதுபோல் மரியாதையாகவே சொன்னார். பிறகு எழுந்து, மேசை மேல் இருந்த தன் அரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, எண்ணெய் தடவி, சுவரில் அவற்றின் இடத்தில் மாட்டினார். யாரும் தடுக்கவில்லை.

ஜீப் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கூட வந்த காவலர் சின்னப் பையன். விலங்கை எடுக்கலாமா வேண்டாமா என்று இன்ஸ்பெக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். சின்னவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"போறேன் அண்ணி."

அந்த வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நாளிலிருந்து, அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் உள்ளேயிருந்து அவள் குரல் கொடுப்பாள்: போறேன்னு சொல்லாதே, போயிட்டு வர்றேன்னு சொல்லு. தலை நரைத்த பிறகும் விட்டதில்லை. அவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, சரியாகச் சொல்லிவிட்டுத்தான் தெருவில் இறங்குவார்.

இப்போது அவர் அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவள் உதடுகள் பிரிந்தன. ஜீப்பின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவரையே பார்த்தாள், ரொம்ப நேரம். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்.